பூண்டியில் மூன்றாவது துளை

1

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

குடியேற்ற அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருந்த அம்மாள் இதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதே பதிலை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். "ஃப்ளுக்ட் அளக்கிறேன்" என்றேன்.

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற என் மகள் நித்யாவைப் பார்த்தார். "அதற்கு நீங்கள் இரண்டாம் மாடிக்குப் போகவேண்டும்" என்றார், நோயாளியிடம் பேசுவது போல மெதுவாக.

இரண்டாம் மாடியில் அகதிகளுக்கான பிரிவு இருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் அந்த ஜெர்மன் சொல்லுக்கு, தள்ளித் தள்ளி இருக்கும் துளைகள் ஒரே நேர்கோட்டில் நிற்பது என்று பொருள். ஊரார் பேச்சில் அதே சொல்லுக்குத் தப்பி ஓடுவது என்று பொருள். பன்னிரண்டு வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்குத் தொழிற்சாலைப் பொருள்தான் முதலில் வாயில் வருகிறது.

நித்யா குறுக்கே புகுந்து, அம்மா கியர்பெட்டித் தொழிற்சாலையில் அளவுப் பரிசோதகர் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். வெளியே வந்ததும், "இனிமேல் நான் பேசிக்கொள்கிறேன், நீ சும்மா தலையை ஆட்டு" என்றாள். அதையும் ஜெர்மனில்தான் சொன்னாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது.

என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. அது திரும்பி வந்தால்தான் இங்கே தங்குவதற்கான புது அட்டை தருவார்களாம். அதுவரை நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. "அவசரப் பயணம் எதுவும் இல்லையே?" என்று அந்த அம்மாள் கேட்டார். இல்லை என்றேன். அன்று உண்மையிலேயே இல்லை.

2

ஊரில் யாரிடமும் என் வேலையைச் சரியாகச் சொல்லிப் புரியவைத்ததில்லை. அக்கா பாக்கியம் ஒருத்திதான் விடாமல் கேட்பாள். "ஓட்டைய அளக்குறதுக்கா அம்புட்டுத் தூரம் போனே?" என்பாள்.

ஆமாம், ஓட்டையைத்தான் அளக்கிறேன். ஒரு இரும்புப் பெட்டி. அதன் இடப்பக்கச் சுவரில் ஒரு துளை, வலப்பக்கச் சுவரில் ஒரு துளை. இரண்டிலும் பேரிங் உட்கார, ஷாஃப்ட் என்ற ஒரே இரும்புத் தண்டு இரண்டு வழியாகவும் போய்ச் சுழலவேண்டும். ஒவ்வொரு துளையும் தனித்தனியாக அச்சு அசலாக இருக்கலாம். அது போதாது. ஒன்று கிழக்கே பார்த்து, மற்றொன்று கொஞ்சம் தென்கிழக்கே பார்த்து நின்றால் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு ஓடும். பேரிங் சூடேறும். கடைசியில் ஏதாவது ஒன்று போகும்.

அளப்பதற்கு முன்னால், எதிலிருந்து எதை அளக்கவேண்டும் என்று வரைபடத்தில் எழுதியிருக்கவேண்டும். பெரும்பாலான சண்டை அங்கேதான். போன வருடம் ஒரு பெட்டி வந்தது. இடப்பக்கத் துளையை ஆதாரமாக வைத்து வலப்பக்கத் துளையை அளக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த இடப்பக்கத் துளையின் ஆழமோ விரல் கனம்தான். அவ்வளவு குட்டையான துளைக்குள் ஒரு கோட்டைப் பிடித்து எதிர்ச்சுவர் வரை நீட்டினால், இந்தப் பக்கம் தூசியளவு பிசகு அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது பல மடங்காகிவிடும். ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்ப அளந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது. "பெட்டியில் தவறு இல்லை, கேள்வியில்தான் தவறு. இரண்டு துளைக்கும் பொதுவாக ஒரு கோடு வைத்து, அதிலிருந்து இரண்டையும் அளக்கவேண்டும்" என்று மேலாளர் பெர்ண்டிடம் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்தார், இரண்டு கூட்டம் போட்டார். வரைபடத்தை மாற்றினார்கள்.

3

பாக்கியம் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் பூண்டி. கொடைக்கானலில் பிறந்தவளுக்கே அது தூரம்தான். பூண்டை மட்டுமே நம்பியிருந்த ஊரில் கேரட் பெருகியபோது, அக்காவும் சூசை அத்தானும் வீட்டை ஒட்டிய மேட்டில் கேரட் கழுவும் மெஷின் ஒன்றைப் போட்டார்கள். நீளமான இரும்பு டிரம். உள்ளே மூட்டை மூட்டையாகக் கேரட்டைக் கொட்டி, தண்ணீர் பீய்ச்சிச் சுற்றவிட்டால் செம்மண் கழன்று செக்கச்செவேல் என்று வெளியே வரும். கழுவாத கேரட்டை மதுரை மண்டியில் சீந்தமாட்டார்கள். அதனால் சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் அக்கா மெஷினுக்குத்தான் வருவார்கள்.

டிரம்மைத் தாங்கும் ஷாஃப்ட் மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. டிரம்மின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு தாங்கி. அதைத் தாண்டி, மோட்டார் பெல்ட் மாட்டும் சக்கரத்துக்குப் பக்கத்தில் பள்ளத்தை ஒட்டினாற்போல் மூன்றாவது தாங்கி. மூன்று கனத்த தகடுகள், மூன்று துளைகள்.

மழை தொடங்கிய மாதத்தில் ஒரு மத்தியானம், நான் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"மறுபடியும் ஒடிஞ்சு போச்சுடி."

"எது?"

"ஷாப்ட்டுத்தான். போன மாசம் வத்தலக்குண்டுல போட்ட புது ஷாப்ட்டு. லேத்துக்காரரு கம்பி மட்டம்ங்கிறாரு. கம்பி வித்தவரு பேரிங்கு மட்டம்ங்கிறாரு. பேரிங்கு கடைக்காரரு நீங்க லோடு அதிகமாப் போடுறீங்கங்கிறாரு. ஒங்க அத்தான் யாரு கூடவும் பேசாம மோட்டார் மேல ஒக்காந்திருக்காரு."

"எங்க ஒடிஞ்சது? முதல் தடவை ஒடிஞ்ச அதே எடத்துலயா?"

"அதே எடம். நடுத் தாங்கிக்குப் பக்கத்துல."

ஒடிந்த முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பெரும்பகுதி வழவழவென்று, கடலோரக் கூழாங்கல் போல. ஒரு மூலை மட்டும் சொரசொரப்பாக. ஒரே அடியில் ஒடிந்ததல்ல. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வளைந்து வளைந்து, விரிசல் உள்ளே ஊர்ந்து போய்க் கடைசியில் பட்டென்று விட்டிருக்கிறது. கம்பியின் குற்றம் அல்ல. மூன்று துளைகளும் ஒரே கோட்டில் இல்லை.

இரண்டு துளைக்கு நடுவே எப்போதும் ஒரு கோடு போட்டுவிடலாம். மூன்றாவது ஒன்று வந்தால்தான் வம்பு. மூன்றாவது கொஞ்சம் விலகினாலும் ஷாஃப்ட் வளைந்துகொடுத்தே ஆகவேண்டும். வளைந்தபடியே சுற்றினால் ஒடிந்தே ஆகவேண்டும்.

இவ்வளவையும் சாப்பாட்டு அறையில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே என்னால் சொல்ல முடிந்தது. எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை.

4

எங்கள் அளவறையில் காற்றின் சூடுகூட மாறக்கூடாது. கல்மேசைமேல் இயந்திரம் தானே நகர்ந்து, மாணிக்க முனையால் துளையின் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். பூண்டியில் அக்காவிடம் இருந்தது தூண்டில் நரம்பு ஒரு சுருள், பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று, ஒரு செங்கல்.

வீடியோவில் சொல்லச் சொல்ல அத்தான் செய்தார். ஷாஃப்ட்டைக் கழற்றி, முதல் துளைக்கும் மூன்றாவது துளைக்கும் இறுக்கமாக மரக்கட்டை செதுக்கி அடைத்தார். இரண்டு கட்டையின் நடு மையத்திலும் ஊசித் துவாரம் போட்டு அதன் வழியே நரம்பை இழுத்தார். ஒரு முனையில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டதும் நரம்பு விறைத்து நின்றது. நடுத் துளைக்கு உள்ளே, எதையும் தொடாமல் அது போகவேண்டும்.

"இப்ப நடுத் துளையில, நரம்புல இருந்து மேல் விளிம்புக்கு எவ்வளவு, கீழ் விளிம்புக்கு எவ்வளவுனு பாருங்கத்தான். நரம்பத் தொட்டுறாதீங்க."

"மேல நாப்பத்திரெண்டு. கீழ முப்பத்தெ..." அத்தானின் வாய் திறந்தபடியே படம் உறைந்துவிட்டது. பூண்டியில் சிக்னல் அப்படித்தான். அவர் வாய் எப்போது மூடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நித்யா வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "யார் இது?" என்றாள். பெரியப்பா என்றேன். "அவர் தாடி வைத்திருந்தாரே" என்றாள். தாடியை எடுத்து நான்கு வருடம் ஆகிறது.

திரும்ப லைன் கிடைத்தபோது அக்கா பேசினாள். "கீழ முப்பத்தெட்டாம். நல்லதா கெட்டதா?"

நரம்பு இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்து போகிறது. அதாவது மூன்றாவது தாங்கி இன்னும் கூடுதலாகவே இறங்கியிருக்கிறது. இங்கே ஒரு தலைமுடியின் கனத்தில் பாதி பிசகினால் நான் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன்.

"கெட்டதுதான்க்கா. ஆனா சரி பண்ணிறலாம்" என்றேன். மூன்றாவது தாங்கிக்கு அடியில் தகடு வெட்டி வைத்து, நரம்பு நடுத் துளையின் மையத்துக்கு வரும்வரை உயர்த்தச் சொன்னேன்.

மறுநாள் மெஷின் ஓடியது. அக்கா போனை டிரம்முக்குப் பக்கத்தில் பிடித்துச் சத்தம் கேட்கவைத்தாள். "பாருடி, சுடவேயில்ல! கை வச்சுப் பாக்குறேன், பேரிங்கு சில்லுனு கெடக்கு!" அன்று அளவறையில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை பெர்ண்ட் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். செங்கல்லையும் தூண்டில் நரம்பையும் சொன்னபோது அவர் கல்மேசையில் தட்டிச் சிரித்தார்.

5

சந்தோஷம் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. பேரிங் மறுபடி சுடத் தொடங்கியது. ஒடிவதற்கு முன்னால் நிறுத்திவிடச் சொல்லி, மறுபடி நரம்பு கட்டி அளக்கச் சொன்னேன். மறுபடி இறங்கியிருந்தது. மறுபடி தகடு. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

இந்த முறை, ஏன் தோன்றியதோ, பக்கவாட்டையும் அளக்கச் சொன்னேன். இதற்கு முன் மேலும் கீழும் மட்டும்தான் பார்த்திருந்தோம்.

"வீட்டுப் பக்கம் நாப்பத்தொண்ணு" என்றார் அத்தான். "பள்ளத்துப் பக்கம் முப்பத்தொம்பது."

அடுத்த வாரம் மழைக்குப் பிறகு நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு.

தாங்கி வெறுமனே கீழே இறங்கினால் அஸ்திவாரம் சரியில்லை என்று சொல்லலாம். இது பள்ளத்தை நோக்கிப் போகிறது. ஒவ்வொரு முறையும் அதே திசை. மழை பெய்த வாரத்தில் அதிகம், பெய்யாத வாரத்தில் குறைவு. நான் ஷாஃப்ட்டைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டேன்.

"அக்கா, முற்றத்துல எங்கயாச்சும் வெடிப்பு விட்டிருக்கா?"

"வெடிப்பா? அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"கேரட் தழை குமிச்சு வச்சிருக்கீங்கல்ல, அத ஒதுக்கிட்டுப் பாரு."

அவள் முனகிக்கொண்டே போனாள். தழையைக் காலால் தள்ளும் சத்தம் கேட்டது.

"இருக்குடி" என்றாள். "விரல் போற அளவுக்கு இருக்கு. நீளமாப் போகுது. வீட்டுப் பக்கமாத்தான் போகுது."

"அடுப்படிக் கதவு சாத்துதா?"

"மழ பெஞ்சதுல இருந்து சாத்தல. மரம் ஊறிப்போச்சுன்னு ஒங்க அத்தான் எழைச்சுவிட்டாரு. ஏன் கேக்குற?"

மரம் ஊறவில்லை. வீட்டோடு சேர்ந்து கதவு நிலைதான் கோணிக்கொண்டிருந்தது.

6

வீட்டைவிட்டு இறங்கிவிடும்படி அன்றே சொன்னேன். அக்கா சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள்.

"ஓட்டைய அளக்கச் சொன்னே, அளந்தோம். இப்ப வீட்டயே விட்டுப் போங்கிற. மண்ணு எறங்குதுனா இந்த மலை பூராந்தான் எறங்குது. ஊர்ல எல்லாரும் போயிட்டாங்களா?"

"ஊரெல்லாம் எறங்கலக்கா. ஒன் முற்றம் எறங்குது. அளந்து பாத்துத்தான சொல்றேன்."

"கேரட் வெட்டுற நேரம்டி இது. மெஷின நிப்பாட்டுனா வர்றவங்க வேற மெஷினுக்குப் போயிருவாங்க. போனவங்க திரும்புவாங்களா? நீ அங்கன இருந்துக்கிட்டு வெரசாச் சொல்லிட்ட."



ஊரில் ஓர் அரசு அலுவலகத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், எங்க இருந்து பேசுறீங்க?"

"ஜெர்மனிலருந்து."

"எடம் யாரு பேர்ல இருக்கு?"

"எங்க அத்தான் பேர்ல."

"அப்ப அவர நேர்ல வந்து மனு குடுக்கச் சொல்லுங்க. சரிவு எப்ப நடந்துச்சு?"

"இன்னும் நடக்கல சார். நடக்கப் போகுது."

"நடந்த எடத்தயே இன்னும் பாத்து முடிக்கல மேடம். மழ விடவும் அனுப்புறோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வாரம் மலைப்பாதையில் வேறு இடங்களிலும் மண் விழுந்து கிடந்தது.

இங்கே குடியேற்ற அலுவலகத்துக்கும் போனேன். இந்த முறை தனியாக. அக்கா வீடு சரியப் போகிறது, நான் போகவேண்டும் என்றேன். அதே அம்மாள். பாஸ்போர்ட் வந்ததா என்று கேட்டார். வரவில்லை. யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மருத்துவச் சான்று, இறப்புச் சான்று இப்படி ஏதாவது இருந்தால் தூதரகத்தில் அவசரப் பயணத் தாள் கேட்டுப் பார்க்கலாம் என்றார். வாராவாரம் நான் எழுதி வைத்திருந்த அளவுகளைக் காட்டினேன். நிஜமான அக்கறையோடு அதைப் பார்த்தார். "இது என்ன?" என்றார். சரியான சொல் எனக்குத் தெரியும். என்னை இரண்டாம் மாடிக்கு அனுப்பிய அந்தச் சொல்லை மறுபடி அங்கே சொல்லத் துணிவு வரவில்லை.

நாள் தவறாமல் போன் செய்தேன். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். கடைசியில் அத்தான்தான் இறங்கி வந்தார். "மழ பெய்யுற அன்னைக்கு மட்டும் மன்னவனூர்ல எங்க சித்தப்பா வீட்டுல படுத்துக்கிறோம் அமலி. பகல்ல வந்து சோலியப் பாப்போம். அதுக்கு மேல என்னால முடியாது." அதற்கு மேல் என்னாலும் முடியவில்லை.

7

அது விழுந்தது பகலில்தான்.

காலையிலிருந்து பிடித்த மழை. முந்தின நாளே பேரிங் கத்தியதால் மெஷினை நிறுத்திவைத்திருந்தார்கள். அதனால் கேரட் கொண்டுவந்தவர்களும் இல்லை, வேலைக்கு வரும் பெண்களும் இல்லை. அக்கா மன்னவனூரிலிருந்து கோழிகளுக்குத் தீனி வைக்க வந்திருக்கிறாள். பின்பக்கம் கூட்டைத் திறக்கும்போது, லாரியில் ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டதாம். திரும்பிப் பார்த்தால் அடுப்படி வாசல்வரை முற்றத்தில் பாதி இல்லை. டிரம், மோட்டார், தண்ணீர்த் தொட்டி எல்லாம் தழையோடு சேர்ந்து பள்ளத்துக்குள் போய்விட்டன. வீடு நின்றது. அடுப்படிக்கு வெளியே காலை வைக்கத்தான் மண் இல்லை.

செய்தி எனக்கு வந்தபோது நான் ஒரு பெட்டியை அளந்துகொண்டிருந்தேன். போனில் அத்தான், "ஒண்ணும் ஆகல, ஒங்கக்கா நல்லா இருக்கா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கையுறையைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா வீட்டு அளவுகளை வாராவாரம் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த பெர்ண்ட் வந்து தண்ணீர் கொடுத்தார். "நீ கணித்தது நடந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்ல அளவீடு" என்று சொல்ல வந்தவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நித்யாவிடம் சொன்னேன். "பெரியம்மா இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பார்கள் அல்லவா?" என்றாள். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அதுதான் முதல் கேள்வி. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தமிழில், வார்த்தைகளைத் தேடித் தேடி, "பெரியம்மா கூட நான் பேசவா?" என்றாள். போன் போட்டுக் கொடுத்தேன். லைன் கிடைத்ததும் அவளுக்குத் தமிழ் நின்றுவிட்டது. அக்கா அந்தப் பக்கம் அழ, இவள் இந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

8

தங்குவதற்கான புது அட்டை வந்துவிட்டது. தபாலில் வந்தது, ஒரு சாதாரண உறையில். பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் பார்த்திருக்கிறோம்.

அக்காவும் அத்தானும் மன்னவனூரில் ஓர் அறையில் இருக்கிறார்கள். பக்கத்து ஊரில் வேறொருவர் போட்டிருக்கும் கேரட் மெஷினில் அக்கா கூலிக்குப் போகிறாள். அவளிடம் கேரட் கொண்டுவந்தவர்கள் இப்போது அங்கே வருகிறார்கள். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வதாகச் சொன்னாள். "பாவம், அவங்களுக்குச் சங்கடமா இருக்கு" என்றாள்.

மழை விட்டபின் அதிகாரிகள் வந்தார்கள். வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே குடியிருக்கக்கூடாது. மாற்று இடத்துக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். மனு எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் அத்தான் போய்வருகிறார்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுடன் பேசினேன். பின்னால் டிரம் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்னு நெனைக்கிறியா?" என்றாள் திடீரென்று.

"இல்லக்கா."

"நெனைப்ப. நானா இருந்தாலும் நெனைப்பேன்." சத்தம் குறைவான இடத்துக்கு நகர்ந்தாள் போல. "எனக்கும் தெரியும்டி. அந்த வெடிப்பப் பாத்த அன்னைக்கே தெரியும். நீ போயிருன்ன. நோட்டீசு ஒட்ட வந்த தம்பியும் போயிருங்கன்னாரு. எங்க போறதுன்னுதான் ஒருத்தரும் சொல்லல."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வர்றேன், வர்றேன்" என்று குரல் கொடுத்தபடியே போனை வைத்துவிட்டாள்.